வாய மூடு, கைய ஓட்டு

ஜீவராஜ் கங்காணிக்கு நாற்பத்தேழாவது வயதில் தொண்டை போயிற்று. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஒன்பதாம் நம்பர் மலையில் இருபத்திரண்டு பெண்களுக்குப் பின்னால் நின்று அவர் வாயைத் திறந்தார். வழக்கமாக எதிர்மலை வரைக்கும் போய்த் திரும்பி வரும் அந்தக் குரல் அன்று அவருடைய மீசையைக்கூடத் தாண்டவில்லை. வெறும் காற்றுதான் வந்தது. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டே கொழுந்து பறிக்க அவர்களுக்குப் பல வருடப் பழக்கம்.

மஸ்கெலியாவுக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில் கங்காணி வேலை என்பது பாதி நடை, பாதி சத்தம். ஜீவராஜ் நடையில் சுமார், சத்தத்தில் கெட்டிக்காரர். பத்தொன்பது வருடமாக அவர் மலையில் சொன்னவற்றைத் திரட்டிப் பார்த்தால் முக்கால்வாசி ஒரே வரிதான்: "வாய மூடு, கைய ஓட்டு!" காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் ஆள் பிரித்து மலையேறியதும் தொடங்கும் அது, மாலையில் கொழுந்து நிறுக்கும் வரை நிற்காது. தான் சத்தம் போடுவதால்தான் இந்தத் தோட்டத்தில் கொழுந்து கூடைக்குள் விழுகிறது என்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

டொக்டர் தொண்டைக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தார்.

"ரெண்டு கெழமைக்குப் பேசவே கூடாது. முணுமுணுக்கவும் கூடாது."

"அத அந்த மருந்துத் துண்டுலயும் எழுதிக் குடுத்துருங்க டொக்டர்," என்றார் மனைவி நாகலெட்சுமி. "நான் சொன்னா நம்ப மாட்டாரு."

அந்த இரண்டு வாரமும் நாகலெட்சுமி வீட்டில் பாட்டுப் பாடிக்கொண்டே சமைத்தார். ஜீவராஜ் ஜன்னலோரம் உட்கார்ந்து மகளுடைய பழைய போனைத் தடவிக்கொண்டிருந்தார். பேச முடியாத மனிதனுக்குக் கேட்பதைத் தவிர வேறு வேலை இல்லை. நாலாம் நாள் அதில் ஒரு வீடியோ வந்தது. யாரோ ஒரு பையன், எந்த ஊர்க்காரனோ, கரண்டியால் தகர டப்பாவைத் தட்டி, அந்தச் சத்தத்தைக் கணினிக்குள் போட்டு, வெட்டி, ஒட்டி, மூன்று நிமிடத்தில் ஒரு பாட்டாக்கிக் காட்டினான். ஜீவராஜ் அதைப் பதினோரு தடவை பார்த்தார். பிறகு எழுந்து போய்ச் சமையலறையில் இருந்த கரண்டிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். நாகலெட்சுமி பாட்டை நிறுத்தினார்.

"தொண்டையிலதானே கோளாறு? டொக்டர் தலையப் பத்தி ஒண்ணும் சொல்லலையே?"

குரல் திரும்பி வந்தது. ஆனால் அந்த ஆசை போகவில்லை. சம்பளத்துக்கு மறுநாள் அவர் மஸ்கெலியா டவுனில் அன்ஸார் நானாவின் கடைக்குப் போனார். போன், ரேடியோ, லெப்டொப் எல்லாம் பழையதும் புதியதுமாக விற்கிற கடை அது.

"லெப்டொப் ஒண்ணு வேணும் நானா. பழசு போதும்."

"மகளுக்கா?"

"எனக்குத்தான். பாட்டு செய்ய."

"பாட்டு கேக்கவா?"

"கேக்க இல்ல நானா. செய்ய."

அன்ஸார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முப்பது வருஷமா கடை வச்சிருக்கேன் கங்காணி. கெஸட் வித்தேன், சீடி வித்தேன், பென்டிரைவுல பாட்டு ஏத்திக் குடுத்தேன். பாட்டு வாங்கத்தான் ஆளுங்க வந்திருக்காங்க. செய்ய வந்தது நீங்கதான் மொத ஆள்." சொல்லிவிட்டு, இருப்பதிலேயே நல்ல ஹெட்போன் ஒன்றை எடுத்து வைத்தார். "இத மட்டும் மலிவா வாங்காதீங்க. வீட்டுல சண்ட வராம இருக்கணும்ல."

கற்றுக்கொடுக்க ஆள் ஹட்டனில் இருந்தது. ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில், ஞாயிற்றுக்கிழமைகளில், கணினியில் இசை செய்யும் வகுப்பு. நடத்தியவள் பூண்டுலோயாவைச் சேர்ந்த லோஜினி. வயது இருபத்து நாலு. மற்ற மாணவர்கள் ஏழு பேருக்கும் பள்ளிக்கூட வாடை இன்னும் போகவில்லை. ஜீவராஜ் உள்ளே நுழைந்தபோது, யாருடைய அப்பா என்று அவர்கள் ஆளுக்கு ஆள் பார்த்துக்கொண்டார்கள். படிவத்தில் 'தொழில்' என்ற இடத்தில் அவர் 'தோட்டத்தில் உத்தியோகம்' என்று எழுதினார். கங்காணி என்று எழுதக் கை வரவில்லை.

முதல் பாடம் கைதட்டுவது. கணினி 'டிக், டிக்' என்று சீராக அடிக்கும்; அதோடு சேர்ந்து தட்ட வேண்டும். அவ்வளவுதான். ஏழு பிள்ளைகளும் தட்டினார்கள். ஜீவராஜும் தட்டினார். லோஜினி அவர் பக்கத்தில் வந்து நின்று கொஞ்ச நேரம் கேட்டாள்.

"அங்கிள், நீங்க முந்துறீங்க."

ஜீவராஜுக்குச் சந்தோஷமாக இருந்தது. "சின்ன வயசுலேருந்தே அப்படித்தான் மிஸ்."

"இல்ல அங்கிள், முந்தக் கூடாது. பிந்துறது எப்படிப் பிழையோ, முந்துறதும் அப்படித்தான்."

பஸ்ஸில் திரும்பி வரும்போது முழுக்க அவர் அதையே யோசித்தார். முந்துகிறவன் என்பதற்காகத்தான் அவரைக் கங்காணியாக்கினார்கள். இந்தச் சின்னப் பெண் வந்து, அது பிழை என்கிறாள். கோபத்தில் இனிமேல் போகாமல் இருந்துவிடலாமா என்று நினைத்தார். ஆனால் நாகலெட்சுமி, "அதான் ஒரு மாசம்கூடத் தாங்காதுன்னு எனக்குத் தெரியுமே," என்று சொல்லிவிட்டதால் போக வேண்டியதாயிற்று.

நாலு மாதம் கழித்துத் தன்னுடைய முதல் பாட்டை லெப்டொப்பில் கொண்டுபோனார். அதில் புல்லாங்குழல் இருந்தது, வயலின் இருந்தது, இரண்டு வகை மேளம் இருந்தது. நடுவில் மழை பெய்தது. மழை முடிவதற்குள் ரயில் வந்தது. ரயில் போவதற்குள் இடி இடித்தது. லோஜினி முழுவதையும் கேட்டுவிட்டு ஹெட்போனை மெதுவாகக் கழற்றி வைத்தாள்.

"எப்படி மிஸ்?"

"எல்லாரும் ஒரே நேரத்துல கத்துறாங்க அங்கிள்."

"அதான் நல்லாருக்கும்னு..."

"யாரையாவது கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லுங்க." அவள் சிரிக்காமல்தான் சொன்னாள். "அடுத்த கெழமைக்கு ஒண்ணு செய்யுங்க. வேல செய்யிற எடத்துல போன வச்சு ரெக்கோர்ட் பண்ணுங்க. நீங்க எதையும் சேக்க வேணாம். அங்க என்ன இருக்கோ அத மட்டும் கேளுங்க."

அங்கே என்ன இருக்கப் போகிறது என்று ஜீவராஜுக்குப் புரியவில்லை. இருந்தாலும் வியாழக்கிழமை காலை, காற்று இல்லாத நேரமாகப் பார்த்து, போனை ஒரு பொலித்தீன் உறைக்குள் போட்டு ஒன்பதாம் நம்பர் மலையில் ஒரு தேயிலைச் செடியின் கிளையில் தொங்கவிட்டார். அது வீரம்மாவின் நிரை. வீரம்மாவுக்கு ஐம்பத்தாறு வயது. அந்தக் கூட்டத்திலேயே மூத்தவர். பறிப்பது மந்தம் என்பது ஜீவராஜின் முடிவு. போன மாதம்தான் மலை வேலைக்கெல்லாம் மேலதிகாரியான கண்டாக்கையாவிடம், "வீரம்மாவப் புல்லு வெட்டுற வேலைக்கு மாத்திரலாம் சேர்," என்று சொல்லி வைத்திருந்தார். கண்டாக்கையா பார்ப்போம் என்றிருந்தார். போன் நாற்பது நிமிடம் ஓடியது.

வீட்டில் அதைக் கணினிக்குள் போட்டுக் கேட்டபோது முதலில் கேட்டது அவருடைய குரல்தான். இரண்டாவது கேட்டதும் அவருடைய குரல்தான். திரையில் சத்தமெல்லாம் மேடு பள்ளமாகத் தெரியும். சின்னச் சத்தம் புல் மாதிரி, பெரிய சத்தம் மரம் மாதிரி. அந்த நாற்பது நிமிடத்தில் அறுபத்து மூன்று மரங்கள் நின்றன. அறுபத்து மூன்றும் அவர்.

சரி, இதையெல்லாம் வெட்டிவிட்டால் என்ன மிச்சம் என்று பார்க்க, வெட்ட ஆரம்பித்தார். மிச்சம் கைகள்தான். 'நறுக், நறுக், நறுக்' என்று கிள்ளும் சத்தம். கை நிறைந்ததும் தோளுக்குப் பின்னால் கூடையில் போடும் 'சரக்'. பத்தொன்பது வருடம் அதன் நடுவில் நின்றிருக்கிறார். கேட்டதில்லை. அவர் பேசிக்கொண்டிருந்தார்.

வகுப்பில் சொன்னபடி அந்தச் சத்தத்துக்குக் கீழே 'டிக், டிக்' கோடுகளைப் போட்டுப் பார்த்தார். தூரத்து நிரைகளின் கைகள் ஒழுங்கில்லாமல் போயின. அவர் ஒவ்வொரு முறை கத்தியதும் அந்தக் கைகள் பத்து விநாடிக்குத் தடதடவென ஓடின. பிறகு முன்பிருந்ததைவிட மெதுவாகின. திரும்பக் கத்தினார், திரும்ப ஓடின, திரும்ப இன்னும் மெதுவாகின. முதலில் நம்பாமல், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அறுபத்து மூன்று இடத்திலும் பார்த்தார். அறுபத்தொரு இடத்தில் அப்படித்தான் இருந்தது. மற்ற இரண்டில் அவர் இருமியிருந்தார்.

ஒரு ஜோடிக் கை மட்டும் எதற்கும் அசையவில்லை. போனுக்குப் பக்கத்திலேயே இருந்த கை. மூன்று கிள்ளு, ஒரு சரக். மூன்று கிள்ளு, ஒரு சரக். கோட்டின் மேல் கோடு வைத்த மாதிரி நாற்பது நிமிடமும் அதே அளவு. கத்தலுக்கு முன்னும் அதே, பின்னும் அதே. அது வீரம்மா.

ஜீவராஜ் லெப்டொப்பை மூடினார். நாகலெட்சுமி டீ கொண்டுவந்து வைத்தார்.

"என்ன, திரும்பத் தொண்டையா?"

"இல்ல."

"பின்ன ஏன் பேசாம இருக்கீங்க?"



ஞாயிற்றுக்கிழமை லோஜினி அதை இரண்டு தடவை கேட்டாள். மேசையில் விரலால் தாளம் தட்டினாள்.

"இது யாரு அங்கிள்?"

"ஒரு அம்மா. வீரம்மான்னு பேரு."

"இவங்களுக்கு யாரு டைமிங் சொல்லிக் குடுத்தது?"

வேறொரு நாளாக இருந்தால் ஜீவராஜ், நான்தான் என்றிருப்பார். அன்று, "யாருமில்ல மிஸ்," என்றார். லோஜினி அவர் வெட்டி எறிந்த துண்டுகளைத் தேடி எடுத்து ஓடவிட்டாள். 'வாய மூடு, கைய ஓட்டு!'

"இது?"

"அது... அங்க ஒரு கங்காணி."

"சரியான எரிச்சல் புடிச்ச மனுசன் போல." அவள் அதைத் திரும்ப ஓடவிட்டாள். "ஆனா குரல் நல்லாருக்கு. இத ஏன் வெட்டுனீங்க? வைங்க. கொஞ்சம் முந்துது, நான் பின்னுக்குத் தள்ளி விடுறேன். இப்பக் கேளுங்க."

வீரம்மாவின் கைகளுக்கு நடுவே, சரியான இடத்தில், தன் குரல் விழுவதை ஜீவராஜ் வாழ்க்கையில் முதல் முறையாகக் கேட்டார்.

ஆறு வாரம் உழைத்து அதை மூன்று நிமிடப் பாட்டாக்கினார். புல்லாங்குழலும் மழையும் வைக்கவில்லை. அடியில் ஒரு மெல்லிய மேளம், மேலே கைகள், நடுநடுவே கங்காணி. லோஜினி சரி என்று சொன்ன பிறகும் அவருக்கு மனம் கேட்கவில்லை. அவர்களிடம் கேட்காமல் எடுத்த சத்தம் அல்லவா? மறுநாள் பத்து மணித் தேத்தண்ணி நேரத்தில், பெண்கள் ரொட்டியைப் பிரித்து உட்கார்ந்திருந்த இடத்துக்குப் போய் நின்றார். எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள்.

"ஒரு சத்தம் போட்டுக் காட்டட்டுமா?" என்றார்.

"அத நாங்க தெனமும் கேக்குறோமே," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

ஜீவராஜ் சின்ன ஸ்பீக்கரைப் புல்லில் வைத்து அழுத்தினார். கைகள் வந்தன. பெண்கள் முதலில் எதுவும் விளங்காமல் பார்த்தார்கள். கங்காணியின் குரல் தாளத்தில் வந்து விழுந்ததும் ஒருத்தி வாயில் இருந்த ரொட்டியைத் துப்பினாள். பிறகு மலை முழுவதும் சிரிப்பு. பத்தொன்பது வருடம் அடக்கி வைத்த சிரிப்பு என்பதால் அடங்கக் கொஞ்சம் நேரமானது.

வீரம்மா மட்டும் சிரிக்கவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இது எங் கை சத்தந்தானே?"

"ஆமாக்கா." அவர் வீரம்மாவை அக்கா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "கேக்காம எடுத்துட்டேன். நீங்க வேணாம்னா அழிச்சிர்றேன். அப்பறம்... கண்டாக்கையாகிட்ட ஒண்ணு சொல்லியிருந்தேன். அதையும் வேணாம்னு சொல்லிட்டேன்."

"புல்லு வெட்டப் போடச் சொன்னதுதானே? அது எங்களுக்கு அன்னைக்கே தெரியும்." வீரம்மா தேத்தண்ணியை ஒரு வாய் குடித்தார். "இத்தன வருஷமா எம் பின்னாலதான் நின்னீங்க தம்பி. இப்பத்தான் காது கேட்டுச்சா?"

ஜீவராஜ் ஸ்பீக்கரை எடுக்கக் குனிந்தார்.

"அழிக்க வேணாம். எம் போனுக்கு அனுப்புங்க. ஜோர்தான்ல இருக்குற மகளுக்கு அனுப்பணும்."

லோஜினி அதை இணையத்தில் ஏற்றினாள். ஏற்றும் நேரத்தில், "கலைஞர் பேரு என்ன போட அங்கிள்?" என்று கேட்டாள்.

"வீரம்மான்னு போடுங்க மிஸ்."

"உங்க பேரு?"

"குரல்னு போட்டு, ஜீவராஜ்னு எழுதுங்க."

லோஜினியின் விரல் விசைப்பலகையின் மேல் அப்படியே நின்றது. "அப்ப, அந்த எரிச்சல் புடிச்ச மனுசன்..."

"நாந்தான் மிஸ்."

அவள் முகம் சிவந்துவிட்டது. 'தோட்டத்தில் உத்தியோகம்' என்பதன் பொருள் வகுப்பு முழுவதற்கும் அன்றுதான் தெரிந்தது.

அதற்குப் பிறகு நடந்ததற்கு யாரும் பொறுப்பில்லை. வீரம்மாவின் மகள் ஜோர்தானில் ஒரு தையல் ஆலையின் வாசலில் நின்று அந்தப் பாட்டுக்கு ஆடி டிக்டொக்கில் போட்டாள். அங்கிருந்து அது கொழும்புக்கு வந்து, கொழும்பிலிருந்து, அங்கே கடைகளில் வேலை செய்யும் தோட்டத்துப் பையன்களோடு பஸ் ஏறித் தீபாவளிக்குத் தோட்டத்துக்கே திரும்பி வந்தது. லயத்துக்கு லயம், வீட்டுக்கு வீடு போன் அடித்தால், 'வாய மூடு, கைய ஓட்டு!' மஸ்கெலியா பஸ் நிலையத்தில் அடித்தால் அதுதான். அன்ஸார் கடையில் கேட்காமலே ஏற்றிக் கொடுத்தார். கோயில் கமிட்டிக் கூட்டத்தில் தலைவர் பேசிக்கொண்டிருக்கும்போது யாருடைய பையிலோ அது ஒலித்து, தலைவர் கோபித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ஜீவராஜுக்கு இதில் பெருமைதான், மலையேறும் வரை. தீபாவளி முடிந்து முதல் நாள் ஒன்பதாம் நம்பர் மலையில் நின்று, பழக்கத்தில், "வாய மூடு..." என்றார். இருபத்திரண்டு பெண்களும் ஒரே குரலில், "கைய ஓட்டு!" என்று முடித்தார்கள். தாளம் பிசகாமல். ஒருத்தி இடுப்பையும் ஆட்டினாள். வேறு வார்த்தை சொல்லிப் பார்த்தார். அதற்கும் அவர்கள் மேளம் போட்டார்கள். ஒரு வாரத்தில் அவருக்குத் தொழில் கருவியே இல்லாமல் போயிற்று. சும்மா நடந்தார். செடி பார்த்தார். யாருக்காவது கூடைக் கயிறு அறுந்தால் முடிந்து கொடுத்தார்.

அந்த மாதம் ஒன்பதாம் நம்பர் மலைக் கொழுந்தின் நிறை கூடியது. அடுத்த மாதமும் கூடியது. கண்டாக்கையா மானேஜர் தொரைக்கு எழுதிய அறிக்கையில் நல்ல மழை என்று காரணம் காட்டினார். பக்கத்து மலையிலும் அதே மழைதான் பெய்தது என்பதை யாரும் கேட்கவில்லை. ஜீவராஜுக்கு மட்டும் காரணம் தெரியும். ஆனால் அதை வெளியில் சொன்னால், பத்தொன்பது வருடம் என்ன செய்துகொண்டிருந்தாய் என்ற கேள்வி வரும். மழை என்றே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

மாசி மாதம் கொழும்பிலிருந்து ஓர் இணையச் சேனல்காரர்கள் வந்தார்கள். ஒரு பெண், ஒரு கமரா, ஒரு பெரிய குடை. 'மலையகத்தின் முதல் பெண் இசைத் தயாரிப்பாளர் வீரம்மா'வைத் தேடித்தான் வந்திருந்தார்கள். கலைஞர் பெயர் அப்படித்தானே இருந்தது? ஜீவராஜ் விளக்க வாயெடுத்தார். அந்தப் பெண் அவர் கையில் குடையைக் கொடுத்து, "அய்யா, இத கொஞ்சம் அம்மா மேல வெயில் படாம புடிங்க," என்றாள். அவர் பிடித்தார்.

வீரம்மா நல்ல சேலை கட்டியிருந்தார். அதற்கு மேல் இடுப்பைச் சுற்றிப் படங்குச் சாக்கும் கட்டி, கூடையும் மாட்டி நின்றார்.

"அம்மா, இந்த இசைய எப்படிக் கத்துக்கிட்டீங்க?"

"பதினாறு வயசுல மலைக்கு வந்தேன். நாப்பது வருஷமா செஞ்சுக்கிட்டு இருக்கேன்."

"யாராவது உதவி செஞ்சாங்களா?"

வீரம்மா நியாயமாக யோசித்தார். "இந்தத் தம்பி கூடவே இருந்தாரு. வேல எல்லாம் நாங்கதான். இவரு பின்னால நின்னு சத்தம் போடுவாரு, அவ்வளவுதான்."

பெண் ஜீவராஜைத் திரும்பிப் பார்த்தாள். "அப்படியா அய்யா?"

"அப்படித்தான்," என்றார் ஜீவராஜ். பொய் என்று சொல்ல அதில் ஒரு வார்த்தையும் இல்லை.

கமராக்காரர் கையைக் காட்டி, குடையின் நிழல் செடியில் விழுகிறது, இன்னும் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார். ஜீவராஜ் தள்ளி நின்றார். இன்னும் கொஞ்சம் என்றார். நின்றார்.

"அடுத்த பாட்டு எப்பம்மா வரும்?"

"மழைக்காலத்துல," என்றார் வீரம்மா, ஒரு நொடிகூடத் தயங்காமல். "ஈரக் கொழுந்துக்குச் சத்தம் வேற மாதிரி. தம்பிகிட்டச் சொல்லியிருக்கேன், போன நல்லா சார்ஜ் பண்ணி வச்சுக்கச் சொல்லி."

ஜீவராஜுக்கு அது புதுச் செய்தி. குடையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு, வாயைத் திறக்காமல் தலையை ஆட்டினார்.